பேசாத போன்

2003 புரட்டாசியிலிருந்து, திருப்பூர் வீரபாண்டியில் என் அத்தை வீட்டுக்கு இரவானால் ஒரு போன் வரும். ஒன்பதரை மணியைத் தாண்டாது. எடுத்து "ஆருங்க பேசறது?" என்றால் எதிர்முனையில் பேச்சே இருக்காது. வைத்தால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி அடிக்கும். மூன்று தடவை, சில நாள் நான்கு தடவை அடித்துவிட்டு ஓயும். சனி, ஞாயிறு வராது. திங்கட்கிழமை அதே நேரத்துக்கு வந்துவிடும்.

கீழே பனியன் ஜாப் ஒர்க், மேலே வீடு. பன்னிரண்டு மெஷின், ஓவர்லாக், பிளாட்லாக், இரண்டு சிங்கர். இரவு ஒன்பதரைக்கு அங்கே ஒன்றரை ஷிப்டின் கடைசி நேரம். மாடிப்படி ஏறியதும் ஒரு ஸ்டூலில் போன். பேசுகிறவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும்.

அப்போதெல்லாம் இதற்குப் பெயர் பிளாங்க் கால். வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்கு பிளாங்க் கால் வந்தால் அதன் பழி யார் தலையில் விழும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தை மகளுக்கு அப்போது 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "லீவு நாள்ல வராது, காலேஜ் நாள்ல மட்டும் கரெக்டா வருது பாரு" என்றார் மாமா. அந்த வாக்கியத்தை அவர் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளை அதிகம் வதைத்தது. போன் ஸ்டூலிலிருந்து மாமாவின் கட்டில் தலைமாட்டுக்குப் போனது. அவள் மணி அடித்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்தார்கள்.

லைன்மேன் வந்து பார்த்தார். "லைன் நல்லாத்தான் இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா விடவில்லை. எண் காட்டும் வசதிக்கு எழுதிக் கொடுத்தார், கோயம்புத்தூரிலிருந்து ஒரு காலர் ஐடி பெட்டி வாங்கி வந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நூல்காரர் கூப்பிட்டால் அவர் எண் வந்தது. சாயப்பட்டறையிலிருந்து கூப்பிட்டால் அந்த எண் வந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு மட்டும் பெட்டியில் வரிசையாகக் கோடுகள் விழுந்தன.

"நம்பரை மறைக்கத் தெரிஞ்சிருக்குன்னா படிச்ச பையன்தான் மாப்ள" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கோடுகளோடு அவள் மீதான வழக்கு முடிந்துபோனது மாதிரி இருந்தது.

அந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

வீட்டுப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது இரண்டு செம்புக் கம்பிகள். சும்மா இருக்கும்போது அவற்றில் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். அழைப்பு வந்தால் அதன் மேல் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரத்தை, நொடிக்கு 25 சுற்றாக, எக்ஸ்சேஞ்ச் ஏற்றும். அதுதான் மணியை ஆட்டுகிறது. நம் ஊர் மணிக்கு ஒரு தாளம் உண்டு: இரண்டு குட்டைச் சத்தம், பிறகு இரண்டு நொடி ஓய்வு. ட்ரிங் ட்ரிங், ஓய்வு, ட்ரிங் ட்ரிங். அழைப்பவரின் எண் இந்தத் தாளத்தை ஒட்டித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

அது நுழைய இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒன்றில், மணி அடிக்கும் முன்பே எக்ஸ்சேஞ்ச் எண்ணை நாம் பட்டன் அழுத்தும்போது கேட்கும் அதே இரட்டை ஒலிகளாக அனுப்பிவிடும். 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். பெட்டி அதைக் கேட்டு 5 என்று எழுதிக்கொள்ளும். இன்னொன்றில், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவிலுள்ள அந்த ஓய்வில், இரண்டு சுருதிகள் மாறி மாறி ஒலிக்கும். ஒரு சுருதி ஒன்று, மற்றது சுழியம். நொடிக்கு 1200 பிட்டு வேகம். தேதி, நேரம், எண் எல்லாம் சேர்த்து அனுப்ப அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். இரண்டாம் மணி அடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். முதல் மணியிலேயே போனை எடுத்துவிட்டால் எண் தெரியாமல் போவது இதனால்தான்.

அந்த எண் எங்கிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள், மாமாவைப் போல. எண்ணை மறைத்துக் கூப்பிட்டால் அந்த எண் வெளியே கிளம்பவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பேச்சு ஒரு பாதையில் போகும் முன்பே, எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் வேறொரு பாதையில் பேசிக்கொள்கின்றன. 1980இல் உலக அளவில் வகுத்த ஏழாம் எண் சிக்னல் முறை அது. அதில் முதலில் போவது ஒரு முகவரிச் சீட்டு: இன்ன எண்ணுக்கு அழைப்பு, இன்ன எண்ணிலிருந்து. அழைத்தவர் மறைக்கச் சொல்லியிருந்தாலும் எண் அந்தச் சீட்டில் முழுதாக இருக்கும். பக்கத்தில் இரண்டே இரண்டு பிட்டில் குறி மட்டும் மாறியிருக்கும். சுழியம் சுழியம் என்றால் 'காட்டலாம்'. சுழியம் ஒன்று என்றால் 'காட்டாதே'. சீட்டு நம் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து சேர்ந்ததும், எக்ஸ்சேஞ்ச் எண்ணைப் படிக்கிறது, அந்த இரண்டு பிட்டைப் பார்க்கிறது, நம் வாசலில் வாயை மூடிக்கொள்கிறது.

அதாவது மறைத்த எண் நம்மிடமிருந்து மட்டுமே மறைந்தது. நம் தெருமுனை எக்ஸ்சேஞ்சுக்கு அது தெரியும். அவசர உதவிக்கு 112க்குக் கூப்பிடுகிறவர் எண்ணை மறைத்திருந்தாலும் கட்டுப்பாட்டு அறைக்கு எண் போய்விடும். அந்த இரண்டு பிட்டை மதிக்காமல் இருக்க அந்த இணைப்புக்கு அனுமதி உண்டு. அழைப்பு விவரம் நிறுவனத்தின் கணினியில் பதிவாகவும் செய்கிறது. 2021 டிசம்பரில் திருத்திய உரிம விதிப்படி அந்தப் பதிவைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பழைய காலத்தில் இது இவ்வளவு சுலபமாக இல்லை. ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச் என்பது அடுக்கடுக்காக ஏறி இறங்கும் இரும்புக் கைகள் நிறைந்த கூடம். தொல்லை கொடுப்பவரைக் கண்டுபிடிக்க, ஊழியர் ஒருவர் இணைப்பு முடிகிற இடத்திலிருந்து பின்னோக்கி, எந்தக் கை எந்தக் கையைத் தொட்டு நிற்கிறது என்று ஒவ்வொரு ரேக்காகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதுவரை லைன் அறுபடக் கூடாது. சினிமாவில் போலீஸ்காரர் "பேசிக்கிட்டே இருங்க" என்று சைகை காட்டுவது அந்தக் காலத்து உண்மை. மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகு அதற்குத் தேவையே இல்லை. அழைப்பு வந்த நொடியிலேயே விடை உள்ளே இருக்கிறது. தொல்லைக்கு ஆளானவர் பேச்சின் நடுவே போன் கொக்கியை ஒரு தட்டுத் தட்டினால் அந்த அழைப்பைத் தனியாகக் குறித்து வைக்கும் வசதியும் இந்த எக்ஸ்சேஞ்சுகளுக்கு உண்டு. விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். அப்படி ஒன்று இருப்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

அப்படியானால் மறைக்கும் வசதியை ஏன்தான் வைத்தார்கள்? எனக்கும் வெகுநாள் இது கோபத்தைக் கிளப்பிய கேள்வி. 1987இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வீடுகளுக்குக் காலர் ஐடி வந்தபோது, அதை எதிர்த்தவர்களில் அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்குப் புகலிடம் நடத்தியவர்கள் இருந்தார்கள். பிள்ளையிடம் பேச ஒரு பெண் வீட்டுக்குக் கூப்பிட்டால், அவள் ஒளிந்திருக்கும் இடத்தின் எண் கணவன் கைப்பெட்டியில் விழும். பென்சில்வேனியா மாநிலத்தில் வழக்கு நடந்து, 1990இல் நீதிமன்றம் காலர் ஐடியை ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு முரண் என்று சொன்னது. 1992இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டும்போது எண்ணை மறைக்கும் வழி அந்தப் பெண்களுக்காகவும் பிறந்தது. அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் இந்த வசதியைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதில்லை. கால் சென்டருக்கும் டெலிமார்க்கெட்டிங் நிறுவனத்துக்கும் மொத்தமாக இணைப்பு வாங்குகிறவருக்கும் கொடுக்கக் கூடாது என்று உரிம விதியே சொல்கிறது. ஆக, நம் வீட்டுப் பெட்டியில் எண் இல்லாமல் ஓர் அழைப்பு வந்தால், பக்கத்துத் தெருப் பையன் மறைத்துக்கொண்டு கூப்பிடுகிறான் என்பது நடப்பதற்கு மிகவும் குறைந்த வாய்ப்புள்ள விளக்கம்.

மூன்றாவதாக ஒரு குறி இருக்கிறது. ஒன்று சுழியம். 'எண் கிடைக்கவில்லை'. யாரும் மறைக்கவில்லை, வழியில் ஏதோ ஒரு நிறுவனம் சீட்டை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எண்ணைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. கடல் தாண்டி வரும் அழைப்புகளில் அந்நாளில் இது சர்வசாதாரணம். பெட்டிக்கு அனுப்பும் செய்தியிலும் இந்த வேறுபாட்டுக்கு இடம் உண்டு. அமெரிக்க முறையில் மறைத்த எண்ணுக்கு 'பி' என்று ஓர் எழுத்து, கிடைக்காத எண்ணுக்கு 'ஓ' என்று ஓர் எழுத்து. ஓர் எழுத்துதான் வித்தியாசம். மாமா வாங்கிய பெட்டி இரண்டுக்கும் ஒரே கோட்டைத்தான் போட்டது. 'தெரியவில்லை' என்பதும் 'மறைக்கிறான்' என்பதும் அந்தச் சாம்பல் பெட்டியில் ஒன்றாகிப்போயின. அந்தப் பெட்டியைச் செய்தவருக்கு அது ஒரு சின்னச் சிக்கனம். வீரபாண்டியில் ஒரு பெண் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு நான் அங்கே போயிருந்தேன். போனஸ் வாங்கிக்கொண்டு வெளியூர் ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். திருப்பூரில் தீபாவளி வாரம் மாதிரி ஓர் அமைதி வேறெப்போதும் கிடையாது. கீழே மெஷின்களுக்கு உறை போட்டிருந்தது. திங்கட்கிழமை, அக்டோபர் 27. ஒன்பதரை ஆனது, போன் வரவில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை "விட்டது சனி" என்று எழுந்து போனார். பத்தரைக்கு மணி அடித்தது.

நான் எடுத்தேன். ஒன்றும் இல்லை. வைக்கப் போகும்போது அத்தை அடுக்களையிலிருந்து சொன்னார்: "வெச்சராத கண்ணு, செத்த நேரம் புடி. கீ...ன்னு ஒண்ணு கத்தும். நான் சொன்னா ஆரு கேக்கறாங்க?"

பிடித்துக்கொண்டிருந்தேன். கீ. அரை நொடி. அப்புறம் அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். கீ.

மூன்று நொடிக்கு ஒரு தடவை, அரை நொடி. எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அது போதும். பேக்ஸ் மெஷின் ஒன்று 1100 ஹெர்ட்ஸில் "அங்கே என்னைப் போல் மெஷின் இருக்கிறதா?" என்று கேட்கும் குரல் அது. எதிர்முனையில் பேக்ஸ் இருந்தால் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு பதில் கொடுக்கும். பதில் வராவிட்டால் அரை நிமிஷத்துக்குச் சற்று மேல் கேட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடும், சில நிமிஷம் கழித்துத் தானே மறுபடி கூப்பிடும். மனிதர் இரண்டு தடவை "அலோ" சொல்லிப் பார்த்துவிட்டு வைக்க மூன்று நொடி ஆகிறது. அந்த மூன்று நொடி இடைவெளிக்குள்தான் அந்த வீட்டில் எல்லாரும் போனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கீச்சொலி வந்த நாட்களிலும் கீழே ஓடிய ஓவர்லாக் அதை முழுங்கியது. பொறுமையாகக் காதில் வைத்துக் கேட்டவர் அத்தை ஒருவர்தான்.

ஒன்பதரை ஏன் பத்தரை ஆனது? மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை வந்த அழைப்புக்கும் இதற்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. ஐரோப்பா முழுக்க அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். கோடையில் ஜெர்மனியில் மாலை ஆறு என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. குளிர்காலத்தில் அதே ஆறு நமக்குப் பத்தரை. சனி, ஞாயிறு வராததற்கும் காரணம் கிடைத்தது. அங்கே ஓர் ஆபீஸ் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. கல்லூரி நாளும் அந்த ஆபீஸ் நாளும் ஒன்றாக இருந்ததுதான் அவள் செய்த குற்றம்.

மறுநாள் தெரிந்த மெர்ச்சண்டைசர் ஒருவரிடம் பேக்ஸ் மெஷினை இரவல் வாங்கி வந்து வீட்டு லைனில் மாட்டினோம். பத்தரைக்கு அடித்தது. மெஷின் தானே எடுத்தது, இரண்டும் கூவிக்கொண்டன, வழவழத் தாள் சுருண்டுகொண்டு வெளியே வந்தது. ஒரு போலோ டீ-ஷர்ட்டின் அளவுப் பட்டியல். மார்பு, தோள், கை நீளம், காலர் உயரம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அளவுகளைத்தான் படித்தார். தொழில் பழக்கம். பிறகு மேல் ஓரத்தைப் படித்தார். தாளின் நெற்றியில் சின்ன எழுத்தில் அனுப்பியவர் பெயர், 49 என்று தொடங்கும் ஜெர்மன் எண், தேதி, நேரம். கீழே, யாருக்கு என்ற இடத்தில், இங்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் பெயர்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது விஷயம் வெளிவந்தது. அந்தக் கம்பெனியின் பேக்ஸ் எண் மாறியிருக்கிறது. விசிட்டிங் கார்டில் பழையதை அடித்துவிட்டுப் பேனாவால் புது எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு 7. நாம் எழுதும் 7 ஒரு கோடும் ஒரு சாய்வும்தான். ஜெர்மானியர் 7 எழுதினால் நடுவில் குறுக்குக் கோடு போடுவார்கள். 1 எழுதும்போது மேலிருந்து நீளமாக ஒரு கை இழுப்பார்கள். நம் 7 அவர்கள் கண்ணுக்கு 1. அத்தை வீட்டு எண்ணில் அந்த இடத்தில் 1 இருந்தது. அங்கே மாலையில் ஒரே தாளைப் பல சப்ளையர்களுக்கு வரிசையாக அனுப்பும்படி மெஷினில் பட்டியல் போட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் தொல்லை செய்யவில்லை.

போன் மறுபடி ஸ்டூலுக்கு வந்தது. மாமா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அவள் படிப்பை முடித்தாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளின் நெற்றியில் இருந்த பெயரும் எண்ணும்தான் எங்களுக்கு விடை கொடுத்தன. ஆனால் அவற்றை அங்கே அச்சடித்தது எந்த எக்ஸ்சேஞ்சும் இல்லை. பேக்ஸ் மெஷினை வாங்கியவர் தன் பெயரையும் எண்ணையும் தானே தட்டி வைக்கிறார். மெஷின் அதை அப்படியே எதிர்முனைக்குச் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் உண்மை, பொய் சொன்னால் பொய். சரிபார்க்க நடுவில் யாரும் இல்லை. இன்று வரும் தொல்லை அழைப்புகளில் பெரிய பகுதி இந்த ஓட்டையில்தான் நுழைகிறது.

அழைப்பவரின் எண்ணைச் சுமக்கும் அந்த முகவரிச் சீட்டில், காட்டலாமா வேண்டாமா என்பதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பிட்டு உண்டு. இந்த எண்ணை நெட்வொர்க்கே போட்டதா, அல்லது அழைத்தவர் சொன்னதா, சொன்னதைச் சரிபார்த்தார்களா என்பதற்கான இடம். செம்புக் கம்பி வீட்டில் எண்ணை எக்ஸ்சேஞ்ச்தான் போடும். நாம் மாற்ற முடியாது. ஆனால் இணையம் வழியாகக் கிளம்பும் அழைப்பில், கிளம்புகிற இடத்தின் மென்பொருள் என்ன எண் எழுதுகிறதோ அதுதான் எண். நடுவில் நேர்மையில்லாத ஒரு நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தால் போதும். இந்த முறையை வகுத்த காலத்தில் ஒவ்வொரு நாட்டிலும் தொலைபேசி என்பது பெரும்பாலும் அரசாங்கமோ ஒற்றை நிறுவனமோ நடத்தியது. ஓர் எக்ஸ்சேஞ்ச் சொன்னதை இன்னொரு எக்ஸ்சேஞ்ச் நம்பியது. அந்த நம்பிக்கை கம்பியிலேயே ஊறிப்போய்விட்டது.

வெளிநாட்டிலிருந்து கிளம்பி, இந்திய எண் போல முகமூடி போட்டுக்கொண்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபர் 22 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் அமைப்பைத் தொடங்கியது. அது இயங்கிய முதல் 24 மணி நேரத்தில் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகள் பிடிபட்டன. அந்த ஒரு நாளில் வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணோடு வந்த அழைப்புகளில் அது 90 சதவீதம் என்று அரசு சொன்னது. இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு மாமாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. எண்ணே இல்லாமல் வந்த அழைப்புக்கு அவர் பயந்தார். எண்ணோடு வரும் அழைப்பை நாம் நம்புகிறோம். இரண்டில் ஆபத்து எதில் என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இப்படி அடையாள எண்ணைத் திரிப்பது குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டுவது கடினம். அதனால்தான் வாசலிலேயே நிறுத்தும் அமைப்பு தேவைப்படுகிறது.

பேசாத போன்கள் இன்றும் வருகின்றன. இன்று பேக்ஸ் காரணமில்லை. கடன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்கும் கால் சென்டரில் ஒரு ஆள் ஒரு எண்ணைத் தட்டி, மணி அடிப்பதைக் கேட்டு, எடுக்காவிட்டால் அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தால் அவருடைய நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போய்விடும். அதனால் கணினியே எண்களை முன்கூட்டிக் கூப்பிடுகிறது. பத்துப் பேர் பேச உட்கார்ந்திருக்கிறார்கள், கூப்பிட்டால் மூன்றில் ஒருவர்தான் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். கணினி முப்பது எண்களை ஒரே சமயத்தில் கூப்பிடும். சராசரியாகப் பத்துப் பேர் எடுப்பார்கள். ஆனால் சராசரி என்பது சராசரிதான். சில சமயம் பதின்மூன்று பேர் எடுத்துவிடுவார்கள். மூன்று பேருக்குப் பேச ஆளில்லை. அவர்கள் வீட்டில்தான் போன் பேசாமல் நிற்கிறது.

பனியன் கம்பெனியில் லைன் ஓட்டியவர்களுக்கு இது புரியும். டெய்லர் சும்மா உட்காரக் கூடாது என்று சூப்பர்வைசர் அவர் முன்னால் பண்டல்களைக் குவித்து வைத்துக்கொண்டே இருப்பார். துணிப் பண்டல் காத்திருக்கும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கப் போனை எடுத்த எழுபது வயது மனுஷியையும் பண்டல் போல் காத்திருக்க வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அநியாயம். எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்ற கணக்கை டென்மார்க்கின் எர்லாங் 1909இலேயே எழுதத் தொடங்கினார், கோபன்ஹேகன் எக்ஸ்சேஞ்சில் அழைப்பவர் வீணாகக் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. அதே கணிதம் இன்று தலைகீழாக நின்று, அழைக்கப்பட்டவரைக் காக்க வைக்கிறது. அமெரிக்காவில் இப்படிக் கைவிடப்படும் அழைப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இங்கே என்ன செய்யலாம்? வீட்டுப் போனிலிருந்தே 1909க்குக் கூப்பிட்டு, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யலாம். 2007இல் தொடங்கிய ஏற்பாடு, 2010இலும் 2018இலும் புது வடிவம் பெற்றது. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில், பதிவு செய்யாதவரும் புகார் சொல்லலாம். அழைப்பு வந்து ஏழு நாளுக்குள் சொன்னால் போதும். முன்பு மூன்றே நாள். விளம்பரத்துக்கு 140 என்றும், வங்கி போன்றவற்றின் சேவைக்கு 1600 என்றும் தொடங்கும் எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் வங்கி என்று சொல்லிக் கூப்பிட்டால், அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

இந்தப் பதிவு வியாபாரியை நிறுத்தும், திருடனை நிறுத்தாது. "உங்கள் போன் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்தவும்" என்று ஒரு பதிவுக் குரல் வந்தால் 9ஐ அழுத்தக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் யாருக்கும் அப்படிப் போன் செய்வதில்லை. ஒரே மணி அடித்து நின்றுபோன தெரியாத வெளிநாட்டு எண்ணைத் திருப்பிக் கூப்பிடவும் கூடாது. மோசடி அழைப்பு என்று தோன்றினால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம்; பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தள்ளாமல் 1930க்குக் கூப்பிட வேண்டும். மிரட்டலோ ஆபாசமோ என்றால் தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். எண் தெரியவில்லையே என்று தயங்கத் தேவையில்லை. நிமிஷம் சரியாக இருந்தால் எண்ணைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம். பெயர் தெரியாமல் மிரட்டுவதற்குப் புதிய குற்றவியல் சட்டத்தில் 351ஆம் பிரிவில் கூடுதல் தண்டனையும் இருக்கிறது.

அந்த வழவழத் தாளை நான் எடுத்து வைத்திருந்தேன். வெப்பத்தால் கறுக்கும் தாள் அது, மை கிடையாது. வருஷம் ஆக ஆக வெளுத்துக்கொண்டே வந்து, இப்போது வெறும் மஞ்சள் தாளாக இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் காலர் உயரம் இருந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு நிழல்.

அத்தை இன்னும் அதே வீட்டில் இருக்கிறார். மாமா இல்லை. கீழே மெஷின்கள் இல்லை. செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை வந்துவிட்டது, எண் மட்டும் பழையதே. போன் வந்தால் எடுப்பார், "அலோ" சொல்ல மாட்டார். கால் சென்டர் கணினிகள் பலவும் எதிர்முனையில் மனிதக் குரல் கேட்டால்தான் ஆளிடம் மாற்றிவிடும்; குரல் கேட்காவிட்டால் தானே வைத்துவிடும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை, அவராகவே பழகிக்கொண்டார். காதில் வைத்துக்கொண்டு, அன்று போலவே, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். போன வாரம் நான் கூப்பிட்டபோதும் எடுத்தது தெரிந்தது, மூச்சுச் சத்தம் கேட்டது, பேச்சில்லை.

"அத்தை, நாந்தாங்க."

"சொல்லு கண்ணு" என்றார்.